வெயில் போனாலும் போகாத நிறம்

போன மாதம் ஒரு மத்தியானம் சஞ்சய் போன் செய்தான். கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் குழந்தைகள் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்போம். கோடு வரைகிறவர்கள் தனி, வண்ணம் போடுகிறவர்கள் தனி. நான் வண்ணம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவன் சஞ்சய்.

"சாந்தாமணிக்கா, ஒரு சந்தேகமுங்க. அந்தக் குதிரைச் சந்தை புக்கை மறுபடியும் போடறாங்க. படத்தைப் பெருசு பண்ணி நிழல் மட்டும் புதுசாப் போடோணும். இப்பத்தான் பட்டனைத் தட்டுனா அதுவே நிழல் போட்டுக்குதுங்களே. மத்ததெல்லாம் சரியா வருது. அந்தப் பிள்ளையோட கன்னத்துக்கு வந்தா மட்டும் கெடுத்துப்போடுதுங்க. வெள்ளையா இருக்கற எடத்த வெளிச்சம்னு நெனச்சு அழிச்சுப்போடுது. நீங்க எப்புடிங்க பண்ணுனீங்க?"

எந்த லேயரில் என்ன இருக்கிறது, எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று சொன்னேன். குறித்துக்கொண்டு வைத்துவிட்டான். அந்தப் பட்டனை நான் குறை சொல்ல மாட்டேன். என் முதுகுக்காகவாவது அது பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம். ஆனால் போனை வைத்த பிறகு, அவன் கேட்டதற்கு நான் பாதிதான் பதில் சொன்னேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நான் பெட்ஷீட்காரி. ஈரோட்டில் பெட்ஷீட் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருந்தேன். ஒரு பூவில் ஐந்து நிறம் இருந்தால் அந்த ஐந்தையும் கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கம்பெனியை மூடினார்கள். வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூருக்கு மாற்றல் வந்தது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நாற்பது தாண்டிய வயதில், யாரோ சொன்னார்கள் என்று கோட்டைமேட்டில் ஒரு மாடிப்படி ஏறினேன்.

கீழே அத்தர் கடை. மேலே ஸ்டூடியோ. கடை அப்பாவுடையது, ஸ்டூடியோ மகளுடையது. மகள் பெயர் யாஸ்மின். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். முதல் நாளே என்னை அக்கா என்றார். நான் கடைசி நாள் வரை அவரை மேடம் என்றேன். இரண்டு பேருக்கும் அது கூச்சமாக இல்லை. அத்தர் வாசனை படிவழியாக ஏறி வந்து துணியில் தங்கிவிடும். முதல் வாரம் என் வீட்டுக்காரர், "ஏம்மணி, நீ வேலைக்குப் போறயா, கல்யாணத்துக்குப் போறயா?" என்று கேட்டார்.

சேர்வதற்கு ஒரு பரீட்சை வைத்தார். சைக்கிள் ஓட்டும் ஒரு சிறுமியின் கோட்டுப்படம், அதற்கு வண்ணம் போட வேண்டும். நான் ஒன்றோடொன்று இசைகிற நிறங்களாகப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நெறமெல்லாம் ரொம்ப அழகா எடுத்திருக்கீங்கக்கா. இதுல வெளிச்சம் எங்கிருந்துங்க வருது?"

"எல்லாப் பக்கமும் இருந்துதானுங்க வரும்" என்றேன். பெட்ஷீட்டில் அப்படித்தான்.

அவர் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. "வாங்க, மொட்டை மாடிக்குப் போலாம்" என்று கூட்டிப்போனார். கொடியில் அவருடைய அம்மா வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதன் மடிப்பில் விழும் நிழல் என்ன நிறம் என்று கேட்டார். சாம்பல் என்றேன். "சித்தெ கூட பாருங்க" என்றார், இன்னும் கொஞ்சம் பார்க்கச் சொல்லி. பார்த்தேன். மேல் மடிப்பில் வானத்து நீலம் இருந்தது. கீழ் ஓரத்தில், தரையில் பதித்த செங்கல்லின் சிவப்பு லேசாக ஏறியிருந்தது. சாம்பல் எங்கேயும் இல்லை. அதுவரை வெள்ளைத் துணியை நான் பார்த்ததே இல்லை என்று பட்டது. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

பிறகு வந்த வருடங்களில் கற்றதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. வேலை நடக்கிற முறையை மட்டும் சொல்கிறேன். லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி. தோலுக்கு ஒரு தாள், முடிக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. முதலில் நிழலே இல்லாமல் சமமாக நிறம் நிரப்ப வேண்டும். பிறகு திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். முகம் பின்னணியோடு கலந்துபோனால், எத்தனை நல்ல நிறமானாலும் மாற்றியே ஆக வேண்டும். அதற்கப்புறம்தான் வெளிச்சம் எங்கிருந்து என்று முடிவு செய்து நிழல் போடுவது. நிழலுக்குக் கறுப்பைத் தொடக்கூடாது. நம் ஊர்த் தோலுக்குக் கறுப்பு நிழல் போட்டால் பிள்ளை அழுக்காகத் தெரியும். அடர்ந்த செம்பழுப்பு போட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரியும். கண்மணியில் வைக்கிற சின்ன வெள்ளைப் பொட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. அதை முதலில் வைத்துவிட்டால் பொம்மைக்கு உயிர் வந்தது போலாகிவிடும், மற்ற கோளாறு எதுவும் கண்ணில் படாது.

யாஸ்மின் மேடம் யார் கையிலிருந்தும் பேனாவை வாங்கித் திருத்த மாட்டார். பின்னால் வந்து நிற்பார். பிறகு வாசல் வரை போய் அங்கிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். தப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. "சித்தெ கூட பாருங்க" என்பார், அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைக்கு ஸ்டூடியோவே பயப்படும். படம் அவருக்குப் பிடித்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் டீ சொல்லிவிடுவார். டீ வந்தால் படம் முடிந்தது என்று அர்த்தம்.

ஒருமுறை வெளியூர்ப் பதிப்பாளர் ஒருவர், கதைநாயகியின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச் சொன்னார். மேடம் போனில் அத்தனை மரியாதையாகச் சொன்னார்: "வெளிச்சம் எத்தன வேணுமோ கூட்டித் தர்றோமுங்க. பிள்ளை அப்படியே இருக்கட்டுங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது, பிள்ளை அப்படியேதான் அச்சாகி வந்தாள்.

இனி சஞ்சய் கேட்ட புத்தகம்.

பவானியில் கோகிலா என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தன் மகளுக்காக ஒரு கதை எழுதி, அது ஒரு பதிப்பகத்துக்குப் பிடித்துப்போய், படத்துக்கு எங்களிடம் வந்தது. ஒரு சிறுமி மாமாவோடு அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறாள். கூட்டத்தில் வழி தவறுகிறாள். தாயைப் பிரிந்து நிற்கும் ஒரு குதிரைக்குட்டியைக் கண்டுபிடித்து, அதைக் கூட்டிக்கொண்டே தானும் மாமாவிடம் வந்து சேர்கிறாள். அவ்வளவுதான் கதை. கோகிலாவின் மகளைப் போலவே அந்தச் சிறுமிக்கும் வெண்புள்ளி உண்டு. இடது கன்னத்தில் ஒன்று, கைகளில் சில. கதையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் பாட்டுக்கு இருக்கிறாள், குதிரைக்குட்டியைத் தேடிக் கொடுக்கிறாள். கோகிலா எழுதிய விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மகளின் புகைப்படங்கள் அனுப்பியிருந்தார். எல்லாமே புள்ளி சரியாகத் தெரியாத கோணங்கள். நான் அவற்றை வைத்துக்கொண்டு முதல் பக்கத்துக்கு வண்ணம் போட்டேன். சரியாக வந்ததாகவே நினைத்தேன். மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்தப் பாப்பாவையே வரச் சொல்லிக் காட்டலாங்க்கா" என்றார்.

ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் நிவேதா. நாலாவதோ ஐந்தாவதோ படித்தாள். நல்ல சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த சுடிதார் போட்டிருந்தாள். நாற்காலி காட்டியதும் அதை இழுத்துச் சுவரோரம் போட்டு, இடது கன்னம் சுவரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. பழகிப்போய்ச் செய்கிறாள் என்று தெரிந்தது.

திரையைத் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க ஆன்ட்டி."

"என்னமோ சொல்லணும்னு நெனைக்கற. சொல்லு கண்ணு."

அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அவளுக்குக் கன்னத்துல வெய்யல் பட்ட மாதிரி இருக்குதுங்க. எனக்கு வெய்யல் போனாலும் போகாது."

கோகிலா, "ஏய், சும்மா இரு, அவங்க எவ்வளவு கஷ்டப்பட்டு…" என்று ஆரம்பித்தார். ஆனால் பிள்ளை சொன்னது சரி. ஓரத்தை மென்மையாக்கி, வெளிறிய மஞ்சளில் நான் போட்டிருந்தது வெளிச்சத் துண்டு மாதிரிதான் இருந்தது. அங்கேயே ஓரத்தை அழுத்தமாக்கி, நல்ல வெள்ளையாக நிரப்பிக் காட்டினேன்.

"இப்போ?"

"ஒட்டுப் போட்டாப்புல இருக்குதுங்க" என்றாள். அவளுக்கே சிரிப்பு வரப் பார்த்து, அடக்கிக்கொண்டாள்.

அதற்குள் கோகிலா, யாஸ்மின் மேடத்தை வெளியே படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டிருந்தார். கதவைச் சாத்தவில்லை. பேசியது முழுவதும் எங்கள் காதில் விழுந்தது.

"ஏனுங்க மேடம், முகத்துல மட்டும் வேண்டாங்க. கையில இருந்தாப் போதும். கதைக்கு அது போதுமுங்களே. நான்தான் எழுதுனேன், இல்லீங்கல. எழுதறப்போ ஒண்ணும் தெரியல. இப்பப் படமாப் பாக்கறப்போ, ஊரே பாக்கப் போகுதுன்னு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. என்ர பிள்ள ஏற்கெனவே பட்டது போதுமுங்க."

"கதை உங்களுதுங்க. நீங்க சொன்னா எடுத்துப்போடறோம்" என்றார் மேடம். "ஒருக்கா பாப்பாகிட்டயும் கேட்டுப்போடலாங்களா?"

உள்ளே நிவேதா அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தணித்து என்னிடம் கேட்டாள்.

"எடுத்துருவீங்களா ஆன்ட்டி?"

"நீ என்ன சொல்ற?"

"எடுத்துட்டா அது வேற பிள்ள ஆயிருமுங்க. அப்புறம் குதிரைக்குட்டியக் கண்டுபுடிச்சது அந்தப் பிள்ளதான்னு ஆயிரும்."

அவள் கவலை முகத்தைப் பற்றியே இல்லை. குதிரைக்குட்டியைக் கண்டுபிடித்த பெருமை கைமாறிப் போய்விடுமே என்பதுதான் கவலை. மேடம் வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற கோகிலாவின் காதிலும்.

மேடம் உள்ளே வந்து நிவேதாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, போட்டோவுல இந்த அக்காவுக்கு நெறம் கெடைக்கல. உன்னை நேர்ல பாத்தாத்தான் கெடைக்கும். நீ காட்டுனாப் பாத்துப் போடுவாங்க. வேண்டாம்னா வேண்டாம், ஊகமாப் போட்டுக்குவோம். ரெண்டும் சரிதான்."

நிவேதா கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாற்காலியைச் சுவரிலிருந்து விலக்கி ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டாள். சுடிதார்க் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள்.

நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ தோலுக்கு நிறம் போட்டிருக்கிறேன், ஒரு தோலை இப்படிப் பார்த்ததில்லை. நான் போட்ட மஞ்சள் அங்கே இல்லை. வெள்ளையும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அது இளம் ரோஜாவாக இருந்தது. ஓரத்தில் மட்டும் சுற்றியுள்ள பழுப்பு ஒரு படி கூடி, மெல்லிய கரை கட்டியிருந்தது. "சித்தெ படிக்கட்டுக்குப் போலாமா?" என்றேன். நிழலில் அதே இடம் லேசான நீலம் காட்டியது. அவளுடைய பச்சைத் துப்பட்டா தோளில் புரண்டபோது கன்னத்துப் புள்ளியில் பச்சை ஏறியது, பக்கத்துப் பழுப்பில் ஏறவில்லை. அவளும் இப்போது விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் ஓடி ஓடி, "இங்க எப்புடிங்க? இங்க?" என்று கேட்டாள்.

நான் எடுத்த நிறத்தை அவசரமாகப் படத்தில் போட்டேன். அவசரத்தில் லேயர் மாறிப்போயிருந்தது. குதிரைக்குட்டி முழுக்க மனிதத் தோல் நிறம் ஆகிவிட்டது.

நிவேதா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, குதிரைக்குத் தோலுரிச்சுப்போட்டீங்க ஆன்ட்டி!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது பார்த்தேன். அந்தப் புள்ளி மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. மற்றக் கன்னம் அப்படியே இருந்தது. நம் பழுப்புத் தோலில் ஒளிந்துகொள்ளும் சிவப்பு, அங்கே மறைய இடமில்லாமல் வெளியே வந்து நின்றது.

"செவக்குது!" என்றேன், என்னை அறியாமல்.

"எங்கீங்க?"

"நீ சிரிச்சா அந்த எடம் செவக்குது கண்ணு."

கோகிலா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிவேதா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தாய் கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"நான் தெனமும் அதைப் பாக்கறனுங்க" என்றார் என்னிடம். "காத்தால எந்திரிச்சதும் பாப்பேன். பெருசாயிருச்சா, பெருசாயிருச்சான்னுதான் பாப்பேன். இது செவக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடம் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "இருக்கட்டுங்க, முகத்துலயும் இருக்கட்டும்" என்றார் கோகிலா.

அதற்கப்புறம் நான் செய்ததைத்தான் சஞ்சய்க்கு லேயர் கணக்காகச் சொன்னேன். வெண்புள்ளியைத் தோலின் மேல் பூசவில்லை. அதையும் ஒரு தோலாக எடுத்துக்கொண்டு தனித் தாள் கொடுத்தேன், தனி நிழல் கொடுத்தேன். வெயில் பட்டால் இரண்டு தோலின் மேலும் பட வேண்டும், நிழல் விழுந்தால் இரண்டின் மேலும் விழ வேண்டும். சந்தைக் கூடாரத்தின் காவித் துணிக்கு அடியில் நிற்கும்போது அந்த இடத்தில் காவி கூடுதலாக ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் சிவப்புக்கு ஒரு தாள். வழி தவறி நிற்கும் பக்கத்தில் அந்தச் சிவப்பை முழுக்க எடுத்துவிட்டேன். குட்டி அவள் உள்ளங்கையை முகர்கிற பக்கத்தில் லேசாக வைத்தேன். மாமாவைக் கண்டு ஓடும் பக்கத்தில் அள்ளிக் கொடுத்தேன். அவள் சந்தோஷம் புத்தகம் முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் ஏறி இறங்கியது.

கடைசிப் பக்கம் முடிந்த அன்று மேடம் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் அந்த மூன்று வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் திரும்பி, யாரிடமும் சொல்லாமல், தானே படியிறங்கிப் போய் டீ வாங்கி வந்தார்.

புத்தகம் வந்ததும் கோகிலா தன் பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்து எங்களைக் கூப்பிட்டார். மேடத்துக்கு வேறு வேலை இருந்ததால் நான் மட்டும் பஸ் ஏறினேன். வகுப்பறையில் பெரிய ஜமக்காளத்தை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். நிவேதா அந்தப் பள்ளிக்கூடம்தான். முழுக்கைச் சட்டையோடு கடைசி வரிசையில், சுவரோரம் இருந்தாள். இரண்டு பிள்ளைக்கு ஒரு புத்தகம். கோகிலா வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார்கள். கூடாரப் பக்கம் வந்தபோது, முன் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மிஸ், இது நம்ம நிவேதாதானுங்க மிஸ்?"

கோகிலா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "ஆமா."

"அப்பப் படம் தப்புங்க மிஸ். நிவேதாவுக்குக் கன்னத்துலதான் இருக்குது. முழங்கையில இல்ல. படத்துல முழங்கையிலயும் போட்டுருக்காங்க."

"ஆமா, தப்பு, தப்பு" என்று இன்னும் இரண்டு மூன்று குரல்.

கோகிலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து நிவேதா கோபமாக எழுந்தாள்.

"தப்பெல்லாம் இல்ல. இருக்குது. பாரு!"

சட்டைக்கையை ஒரே இழுப்பில் தோள் வரைக்கும் ஏற்றிவிட்டு, பிள்ளைகளைத் தாண்டி மிதித்துக்கொண்டு முன்னால் வந்து, அந்த ரெட்டைச் சடைக்காரியின் மூக்குக்கு நேராக முழங்கையை நீட்டினாள். ரெட்டைச் சடை புத்தகத்தை எடுத்து முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலைந்து தலை ஒட்டுக்கா அங்கே குனிந்தது. ஒருத்தி விரலால் தொட்டுப் பார்த்தாள். ஏதோ வழக்கைத் தீர்க்கிற மாதிரி அத்தனை மும்முரம்.

"ஆமா மிஸ், இருக்குதுங்க. படம் சரிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள் ரெட்டைச் சடை. நகர்ந்து ஜமக்காளத்தில் இடம் விட்டாள். நிவேதா அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஏற்றிவிட்ட சட்டைக்கையை இறக்கவில்லை. மறந்துபோய்விட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கோகிலாவுக்கு எந்த வரியில் விட்டோம் என்று தெரியவில்லை. பக்கத்தில் விரலை ஓட்டித் தேடினார். "மேல படிங்க மிஸ்" என்று பிள்ளைகள் கத்தியதும் மறுபடி ஆரம்பித்தார்.

நான் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சின்ன முழங்கையையும் விரித்த பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் மஞ்சள் ஒரு படி கூடித்தான் வந்திருந்தது. பிள்ளைகள் யாரும் அதைச் சொல்லவில்லை.